தரிசில் கட்டிய வீடுகள்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவுகளில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் காலூன்ற இடமிருக்காது. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று ஊர்ப்பெயரைத் தேடியபடி பையும் பிள்ளையுமாக ஓடுகிறது கூட்டம். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட இந்த முனையத்தை ஒட்டியே, எந்த ஊருக்கும் புறப்படாத சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கிடப்பது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள பெருங்கற்கால ஈமக்காட்டில்.

இத்தகைய ஈமக்காடுகளைப் புதிய கற்காலத்தவை என்று சொல்வாரும் உண்டு. தமிழகத்தில் இவை பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. திருப்போரூர் பக்கம் சிறுதாவூர், மதுராந்தகம் பக்கம் சாணூர் என்று செங்கல்பட்டுச் சீமை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பெரிய கற்களை வட்டமாக நட்டு, நடுவில் சிறுகற்களைக் குவித்திருப்பார்கள். அடியில் முதுமக்கள் தாழி இருக்கும். அல்லது பலகைக் கற்களால் கட்டிய கற்பதுக்கை. அல்லது குட்டைக் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை. பல்லாவரம் குன்றுப் பகுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அப்படிப்பட்ட பேழைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டெடுத்தார். கூடவே கருப்பு சிவப்புப் பானைகளும் இரும்புக் கருவிகளும் கிடைக்கின்றன. போகிறவருக்குப் பசிக்கும், வேலையும் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பல குழிகளில் முழு உடல் இருப்பதில்லை, சில எலும்புகளே இருக்கின்றன. உடலை முதலில் வேறிடத்தில் இட்டு, காலம் கழித்து எலும்புகளைப் பொறுக்கி வந்து அடக்கும் வழக்கம் அது. கதறலோடு ஒரு விடை, கண்ணீர் அடங்கியபின் நிதானமாக இன்னொரு விடை. தகனத்துக்கு மறுநாள் பாலூற்றி எலும்பு பொறுக்கும்போது நாமும் அந்த இரண்டாம் விடையைத்தான் கொடுக்கிறோம். என்ன, நமக்கு அவசரம் அதிகம்.

என் மனம் நிலைப்பது அவர்கள் இடம் தேர்ந்த விதத்தில். ஈமக்காடுகள் பெரும்பாலும் குன்றடியில், ஏர் இறங்காத கற்பாங்கான மேட்டில் இருக்கின்றன. விளையும் பூமியை உயிரோடிருப்பவருக்கு விட்டுவிட்டார்கள். கல்லையோ இறந்தவருக்குக் கொடுத்தார்கள். தாங்கள் வாழ்ந்த குடிசைகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஊரே கூடிப் புரட்டி நட்ட அந்தக் கற்களில் நட்டவர் பெயரும் இல்லை, உள்ளே கிடப்பவர் பெயரும் இல்லை. பெயரை விட்டுவிட்டு அன்பை மட்டும் நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் எந்த மடத்திலும் கண்டதில்லை.

நாமோ தலைகீழ். கல்லும் கம்பியும் நமக்கு. ஏரியும் வயலும்கூட மனைப்பிரிவுக்கு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் படாத கல்வட்டங்களுக்கு அந்த நூறு மீட்டரும் இல்லை.

வண்டலூர் பக்கமோ செங்கல்பட்டுப் பக்கமோ மனை பார்க்கப் போகிறீர்களா? தரிசில் கற்கள் வட்டமாகக் கிடந்தால் ஒன்றையும் புரட்டாதீர்கள். பொக்லைன் வந்து சேர்வதற்குள் தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.