நிறுத்தப்போகிறார்களாம்

ஒரு வகை வதந்தி உண்டு. நிகழ்காலத்தைச் சாட்சிக்கு அழைத்து அதைப் பொய்யாக்க முடியாது. ஒருவர் இறந்துவிட்டார் என்று யாராவது கிளப்பிவிட்டால் அவர் கடைத்தெருவுக்கு ஒருமுறை வந்துபோனால் போதும், விஷயம் முடிந்துவிடும். ஒரு பொருளை நிறுத்தப்போகிறார்கள் என்ற வதந்தி அப்படி முடிவதில்லை. பொருள் கடையில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் கொடுத்து பில் போடுகிறார்கள். வதந்தி இதையெல்லாம் தனக்கு எதிரான அத்தாட்சியாக ஒப்புக்கொள்வதில்லை. இன்றைப் பற்றி அது பேசவேயில்லையே. நாளையைப் பற்றிய பேச்சில் உண்மை என்பது என்ன, அதைச் சொல்லும் கடமை யாருக்கு என்ற கேள்விகள் ஒரு சின்ன யந்திரத்தை முன்னிட்டுக் கொஞ்ச காலமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

யந்திரத்தின் பெயர் மேக் மினி. ஆப்பிள் கம்பெனி 2005 ஜனவரியில் வெளியிட்ட கம்ப்யூட்டர். ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம். ஒரு டிபன் டப்பாவை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, மௌஸ் கிடையாது. வீட்டில் கிடக்கும் பழையவற்றை இணைத்துக்கொள் என்பது ஏற்பாடு. விலை 499 டாலர். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் அதுதான் மலிவு. ஆசை இருந்து பணம் போதாதவர்களுக்குத் திறந்துவைத்த பக்கவாசல் என்று சொல்லலாம். 2007 மே மாதம் இதை நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு செய்தி கிளம்பிற்று. ஆகஸ்டில் புதுப்பித்த மினி வந்தது. பிறகு 2009 மார்ச் வரை ஒன்றும் வரவில்லை. மறுபடி அதே பேச்சு. 2014 அக்டோபரில் வந்த மாடலுக்கும் 2018 அக்டோபரில் அறிவித்த மாடலுக்கும் நடுவில் 4 வருஷ இடைவெளி. அந்த இடைவெளியில், 2017 அக்டோபரில், ஒருவர் கம்பெனித் தலைவர் டிம் குக்குக்கே எழுதிக் கேட்டார். விவரம் சொல்லும் வேளை வரவில்லை, ஆனால் இனியும் அது முக்கியமான பொருளாகவே இருக்கும் என்ற அர்த்தத்தில் சுருக்கமாக ஒரு பதில் வந்தது. 2024 நவம்பரில் மினி ஐந்து அங்குலச் சதுரமாகச் சுருங்கிப் புதிதாக விற்பனைக்கு வந்தது. வதந்தி தோற்றுவிட்டது என்று கணக்கை மூடிவிடலாம்.

எனக்கு மூட முடியவில்லை. 2007 மே மாதத்தில் அந்த வாக்கியம் பொய்யாக இருந்ததா? ஒரு அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து நிறுத்திவிடலாமா என்று யோசித்திருக்கக்கூடும். யோசித்துவிட்டு வேண்டாம் என்று எழுந்தும் போயிருக்கலாம். அப்படியானால், யோசனையை வைத்துப் பார்த்தால் செய்தி உண்மை. விளைவை வைத்துப் பார்த்தால் பொய். இன்னும் எடுக்காத முடிவைப் பற்றிய செய்தி இந்த இரண்டு தட்டிலும் சரியாக உட்கார்வதில்லை. ஆகவே உண்மையா பொய்யா என்று நிறுப்பதைவிட, இந்தப் பேச்சு எங்கே பிறக்கிறது, யார் தலையில் போய் விழுகிறது என்று பார்ப்பதே பிரயோஜனமாகப் படுகிறது.

நெய்வேலியில் இருப்பவனுக்கு இந்த விசாரம் அந்நியமானதல்ல. ஊரே ஒரு அளவுள்ள பொருளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1956இல் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957இல் சுரங்கவேலை தொடங்கிற்று. 1961இல் முதல் பழுப்பு நிலக்கரி மேலே வந்தது. என்றைக்கோ ஒரு நாள் தீர்ந்துபோகும் என்ற நினைப்பும் கூடவே மேலே வந்திருக்க வேண்டும். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962இல் ஓட ஆரம்பித்து 1970இல் முழு 600 மெகாவாட்டை எட்டிற்று. 2020இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு 1000 மெகாவாட் புதிய நிலையம் வந்திருக்கிறது. நிறுத்துவதற்கு முந்திய பல வருஷங்களில் எங்கள் வட்டத்து டீக்கடையிலும் பஸ்ஸுக்கு நிற்கும் மரத்தடியிலும் என் காதில் விழுந்துகொண்டிருந்த வாக்கியம் ஒன்றுதான்: “முதல் தெர்மலை மூடப்போறாங்களாம் சார்.” அந்த வருஷம் மூடவில்லை. மறு வருஷமும் அதே வாக்கியம். கடைசியில் மூடினார்கள். இங்கே பேச்சு பலித்தது. மேக் மினி விஷயத்தில் பலிக்கவில்லை. ஆனால் பலிப்பதற்கு முன் இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே குரல்.

அந்தக் குரல் தமிழில் ஒரு சின்ன ஒட்டில் இருக்கிறது. ‘மூடப்போறாங்களாம்’ என்பதன் கடைசி ‘ஆம்’. பல பாஷைகளில் இதற்கு ‘என்று சொல்லிக்கொள்கிறார்கள்’ என்று தனியாக ஒரு வாக்கியமே கட்ட வேண்டும். நமக்கு ஒரு அசை போதும். நான் பார்க்கவில்லை, எனக்குப் பொறுப்பில்லை, இன்னொருவர் சொன்னதை இறக்கி வைக்கிறேன் என்று அத்தனையையும் அது சொல்லிவிடுகிறது. சொல்பவனுக்கு விடுதலை, கேட்பவனுக்கு விடுதலை இல்லை. அவன் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான். வீட்டில் இறக்கி வைக்கும்போது தானும் ஒரு ‘ஆம்’ சேர்த்துக்கொள்கிறான். ஒரு ஊர் முழுக்க இப்படி நடக்கும்போது ஒருவர்கூடப் பொய் சொன்னதாக ஆகாது. யாரும் எதையும் உறுதி செய்யவில்லை. ஆனாலும் பெண்ணுக்கு வரன் பார்ப்பவர் யோசிக்கிறார். கடை வைக்க வந்தவர் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குகிறார்.

இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் எங்கோ ஓரிடத்தில் ‘ஆம்’ போடாமல் பேசக்கூடிய ஒருவர் இருப்பார். அவருக்குத் தெரியும், அல்லது தெரியவேண்டிய ஸ்தானத்தில் அவர் இருக்கிறார். அவர் பேசுவதில்லை. மற்ற எல்லோரும் ‘ஆம்’ போட்டுப் பேசிக்கொண்டிருப்பது அதனால்தான். வதந்தியைப் பரப்பியவனைக் குற்றவாளியாக்குவது நமக்குப் பழக்கம். அவனை நிறுத்தி விசாரிப்பதற்கு முன், அவனுக்கு அந்தக் காலி இடத்தைக் கொடுத்தவனை விசாரித்தாக வேண்டும்.

மௌனம் சாதிப்பவனுக்கும் நியாயம் உண்டு. அது அற்பமானதல்ல. அந்த நியாயத்தின் கதை நமக்குக் கிட்டத்திலேயே தொடங்குகிறது. ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர் ரமணரின் பக்தர். 1964இல் ரமணாசிரமத்திலிருந்து ‘மவுண்டன் பாத்’ பத்திரிகையை ஆரம்பித்தவர். அவர் மகன் ஆடம் ஆஸ்பர்ன் சின்ன வயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். பிற்பாடு அமெரிக்கா போய் 1981இல் ஆஸ்பர்ன் 1 என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார். ஐந்து அங்குலத் திரையோடு பெட்டி மாதிரி மூடித் தூக்கிப்போகலாம். விலை 1795 டாலர். தனியாக வாங்கினால் கிட்டத்தட்ட அந்த விலையே ஆகக்கூடிய மென்பொருள்களை அதோடு சேர்த்தே கொடுத்தார். அன்றைக்கு அது மலிவு. விற்றுத் தள்ளிற்று. 1983இல் அடுத்த மாடலைப் பற்றிய பேச்சு, அது கடைக்கு வருவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. இருப்பதை வாங்க வந்தவர்கள் வரப்போவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் கம்பெனி திவால். போட்டிக் கம்பெனிகளும் நிர்வாகக் கோளாறும்தான் உண்மையான காரணம் என்று பின்னால் வாதாடியவர்கள் உண்டு. ஆனால் பாடமாக நிலைத்தது முதல் கதைதான். ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்று வியாபாரிகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். முன்கூட்டிப் பேசினால் செத்தாய் என்பது அதன் சாரம். ஆஸ்பர்ன் 1992இல் இந்தியா திரும்பி, 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

மௌனத்தையே உபதேசமாகக் கொண்ட ஊரில் வளர்ந்தவர் பேசியதால் கெட்டார் என்று இந்த இடத்தில் ஒரு சாதுரியமான வாக்கியம் எழுதிவிடலாம். அது சரியாக இராது. ஆசிரமத்து மௌனமும் கம்பெனி மௌனமும் ஒரே வஸ்து அல்ல. முதலாவதன் முன்னால் போய் உட்கார்பவனிடமிருந்து எதுவும் ஒளிக்கப்படவில்லை. சொல்வதற்கு இருக்கிற விஷயம் சொல்லில் அடங்காது என்பதால் அங்கே பேச்சு இல்லை. இரண்டாவதில் சொல்லவேண்டியது ஒரே வரியில் அடங்கும். அடங்குகிற ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பதற்கு மௌனம் என்ற பெயரைக் கொடுப்பதே அதிகம்.

ஆஸ்பர்னின் நியாயம் வேறொரு வழியில் என்னைத் தடுக்கிறது. பேசினால் அழிந்துபோகக்கூடிய ஒருவனிடம் போய் ‘பேசு, அதுதான் தர்மம்’ என்று நான் சொல்ல முடியுமா? அவனிடம் இருந்தது இரண்டு வருஷக் கம்பெனி, ஒரே ஒரு பொருள். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பல பொருள்களை விற்று, நஷ்டத்தைப் பார்க்காமலே தாண்டிப்போகக்கூடிய கம்பெனி அதே ஆஸ்பர்னைச் சாட்சிக்கு அழைக்கும்போதுதான் சங்கடமாக இருக்கிறது. கடமை எல்லோருக்கும் ஒரே எடையில் இல்லை. சொல்வதால் வரும் நஷ்டம் யாருக்கு, சொல்லாததால் வரும் நஷ்டம் யாருக்கு, இருவரில் யாரால் தாங்க முடியும் என்று கேட்டுத்தான் அதை நிறுக்க வேண்டியிருக்கிறது.

சொல்லாததால் வரும் நஷ்டம் மலிவான பொருளை வாங்குபவனுக்கே அதிகம். பணக்காரன் தவறான மாடலை வாங்கினால் அடுத்ததை வாங்குவான். மற்றவனுக்கு ஒரு தடவைதான். நான் பக்கம் கட்டுவது கைமாறி வந்த ஒரு 2014 மினியில். அதில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். பின்னால் கூட்டிக்கொள்ள வழியில்லை. வாங்குகிற அன்றே கடைசி வரைக்கும் யோசித்துவிட வேண்டும். இப்படிப்பட்டவனிடம் போய் ‘நிறுத்தப்போகிறார்களாம்’ என்றால் அவன் காத்திருப்பான். காத்திருப்பது இலவசம் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஆரம்பித்தது. கொரோனாக் காலத்தோடு வழங்குவது தடைப்பட்டது. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. நடுவில் இருந்த வருஷங்களில் பள்ளிக்கூட வாசல்களில் கேட்டது ‘வருமாம்’, ‘வராதாம்’ என்ற இரண்டு வார்த்தைகள்தான். திட்டம் திரும்பி வரலாம். அந்த வருஷங்களில் பிளஸ் டூ படித்த பெண்ணுக்குப் பிளஸ் டூ திரும்பி வராது. வரும் என்று நம்பி அவள் அப்பா வட்டிக்கு வாங்காமல் விட்டிருப்பார். வராது என்று நம்பி வாங்கியும் இருப்பார். இரண்டில் எது நடந்திருந்தாலும் விலையைக் கொடுத்தது அந்த வீடு.

இதை ஒரு சிற்றேட்டில் எழுதுகிறபோது நம் பக்கமும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. ‘எழுத்து’ 1959இலிருந்து 1970 வரை வந்தது. அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது ஆச்சரியம்; நம் பத்திரிகைகள் பெரும்பாலும் நாலைந்து இதழில் நின்றுவிடுகின்றன. நிற்பது குற்றமில்லை. காகித விலையும் தபால் செலவும் தெரிந்தவர்கள்தான் நாம். ஆசிரியர் கையைச் சுட்டுக்கொண்டு நடத்துகிறார். அடுத்த இதழ் சந்தேகம் என்று அவர் அச்சில் போட்டால் வருகிற நாலு சந்தாவும் நின்றுவிடும். அவர் ஆஸ்பர்ன் கட்சியைச் சேர்ந்தவர். சந்தாதாரரிடம் அவர் சொல்லாமல் இருந்ததை நான் மன்னித்துவிடுவேன், போனது சொற்பம்தான். ஆனால் மேஜை இழுப்பறையில் கவிதைகள் கிடக்கின்றன. விருத்தாசலத்திலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ ஒரு பையன் அனுப்பியிருக்கிறான். வேறெங்கும் அனுப்பக்கூடாது என்ற ஒழுங்கை நாம்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தோம். பத்திரிகை நின்றுவிட்டதாம் என்று அவனுக்கு யாரோ சொல்வார்கள். இல்லை, வருமாம் என்று இன்னொருவர் சொல்வார். அவன் வருஷக்கணக்கில் அந்தக் கவிதைகளை வைத்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஒரு கார்டு போடுவதால் எந்தப் பத்திரிகையும் திவாலாவதில்லை.

தொடர்ந்து நடத்துவேன் என்ற வாக்குறுதியை நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்க ஒருவருக்கும் பாத்தியதை இல்லை; பொருள்கள் நிற்கும், நிலையங்கள் நிற்கும், நிலக்கரி தீரும். முடிவு செய்துவிட்டேன் அல்லது இன்னும் முடிவு செய்யவில்லை என்ற இரண்டில் எது உண்மையோ அதைச் சொன்னால் போதும். இரண்டாவது வாக்கியத்தை மனிதர்கள் சொல்லக் கூசுகிறார்கள். தனக்கே தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்வது அதிகாரத்துக்குக் குறைவு என்று படுகிறது போலும். ஆனால் கேட்பவனுக்கு அது பெரிய உபகாரம். நிச்சயமின்மை அவனுக்கும் அவருக்கும் பொதுவாகிவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு அவன் வாங்கலாம், காத்திருக்கலாம், வேறு வழி பார்க்கலாம். எதைச் செய்தாலும் தெரிந்து செய்கிறான்.

2017இல் ஒருவருக்குக் கிடைத்த அந்தச் சுருக்கமான பதிலில் தேதி இல்லை, விலை இல்லை, வரப்போகும் யந்திரத்தைப் பற்றி ஒரு விவரமும் இல்லை. அதை எழுதியதால் ஆப்பிள் ஒன்றும் முழுகிப்போகவில்லை. இடைவெளி தொடங்கி ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து, ஒருவர் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் அது வந்தது. கேட்க வாயில்லாதவர்கள் அத்தனை நாளும் ‘ஆம்’ போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.