உருவமில்லாச் சித்திரம் தகுமா?

சென்ற வைகாசிப் பௌர்ணமிக்கு முன்னர், கோபர்கைரனேயில் நாம் வந்தனைக்குக் கூடும் வாடகை அறையின் சுவரைப் புதுப்பிக்க எண்ணினோம். நம் உபாசகர் ஒருவரின் மகள் ஓவியக் கல்லூரியில் பயில்கிறாள். கூலி வேண்டாது எழுதித் தருவதாக அவள் முன்வந்தாள். பகவன் புத்தரின் திருவுருவமும், அதன் அருகே பாபாசாகேப் அம்பேத்கரின் உருவமும் வரும் என்றே யாவரும் எதிர்பார்த்தனர். மூன்றாம் நாள் மாலை மறைப்புத் துணியை நீக்கியபோது, வெள்ளைச் சுவரின் நடுவே செம்மண் நிறத்தில் ஒரு வட்டமும், அதன் இருபுறமும் தரைக்கு இணையாக ஓடும் மெல்லிய கோடுகளும் இருந்தன. வேறொன்றும் இல்லை. கூட்டத்தில் மூத்தவரான அம்மையார் ஒருவர் நம்மைப் பார்த்து, "முகம் எங்கே ஐயா?" என்று கேட்டார்.

அக்கேள்வியை அறியாமை என்று தள்ளுதல் தகாது. கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டுக் கருவறையில் இருந்த முகத்தை ஒருநாளும் காணாது மாண்டவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் நிகழ்ந்தது நிகழ்ந்த பின்னரன்றோ நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் நமக்கென்று ஒரு முகம் ஏறிற்று? உண்டு சலித்தவன் சோற்றை ஒதுக்கலாம், பசித்தவன் ஒதுக்கலாமா? மனிதன் படும் துக்கத்தைக் காணச் சகியாதவர்கள் அவனைச் சித்திரத்திலிருந்து வெளியேற்றிவிட்டு வட்டத்தையும் சதுரத்தையும் வைத்துக்கொண்டு மகிழ்கின்றனர் என்பதே நமது எண்ணமுமாய் இருந்தது. அன்று அப்பெண்ணைச் சற்றுக் கடிந்தே பேசினோம். அது பிழை என்பதை இங்கே எழுதி வைக்கிறோம்.

அவள் வாதாடவில்லை. மறுநாள் ஒரு சித்திரப் புத்தகத்தை நம் கையில் கொடுத்துச் சென்றாள். நஸ்ரீன் முகமதி என்னும் அம்மையாரின் ஆக்கங்கள் அவை. 1937இல் கராச்சியில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, இலண்டனிலும் பாரிசிலும் பயின்று, 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தவர். மையும் பென்சிலும் காகிதமும் வரைபடக் கருவிகளும் கொண்டு, கோடு, கோடு, மேலும் கோடு என்றே வரைந்தவர். சில தாள்களில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டமிடுகின்றன. பிற்காலத்துத் தாள்களில் அவை சாய்ந்து, வெள்ளை வெளியில் தனியே மிதக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பு இல்லை, கையொப்பம் இல்லை.

புத்தகத்தைப் புரட்டிய நாம் ஓரிடத்தில் நின்றுவிட்டோம். அது பாவு! கற்றவர்கள் அதனை எவ்வாறு அழைப்பார்களோ, நமக்கு அது தறியில் ஏற்றிய பாவாகவே தோன்றிற்று. அவர் தறி நூலை ஒளிப்படமும் எடுத்துள்ளார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

நாம் பதினெட்டாம் வயதில் மும்பை ஆலை ஒன்றின் நெசவுப் பகுதியில் சேர்ந்தோம். 1982ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின்னர், பல ஆலைகள் மூடியும் சில அரைகுறையாய் ஓடியும் வந்த காலம். பாவில் ஓர் இழை அறுந்து, அதைக் காணாது தறி ஓடுமாயின், துணியின் நீளம் முழுதும் ஒரு வெற்றுக் கோடு விழும், துணி கழிவாகும், கூலியில் பிடித்தம் விழும். ஆதலின் நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நடுவே இல்லாத ஓர் இழையைக் காணக் கண் பழகவேண்டும். வீட்டுக் கவலையோ மேற்பார்வையாளர்மீது கோபமோ மனத்தில் புகுந்த கணத்தில் இழை அறுவது தெரியாது போகும். விழிப்போடு இருந்த கணத்தில் "நான்" என்ற ஒருவன் அங்கே இல்லை. கண்ணும் நூலும் ஓசையும் மட்டுமே இருந்தன. சதி என்றும் அனாத்மம் என்றும் பிற்காலத்தில் நூல்களில் படித்தபோது, தறியின் முன் நின்ற அந்த நாட்களைக் கொண்டே அவற்றை உணர்ந்தோம்.

இப்போது அந்த அம்மையாரின் செய்தியைக் கேளுங்கள். அவருடைய உடல், கை கால்கள் சொல்வழி கேளாத நரம்பு நோயால் ஆண்டாண்டாய்த் தளர்ந்து வந்தது. 1990இல் அலிபாக் அருகே கிகிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். கடைசி ஆண்டுகளில் வரைந்த கோடுகளிலும் நடுக்கம் காணோம். நடுங்கும் கை நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு இழுப்பதென்றால், அக்கோட்டில் மனிதன் இல்லை என்று எவ்வாறு கூறுவது? துக்கம் அங்கே முழுதும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே. "என் துக்கத்தைப் பார்" என்று காட்டும் அந்த "என்" இல்லை. உருவத்தை நீக்குதல் வேறு, மனிதனை நீக்குதல் வேறு என்று நமக்குத் தெளிந்தது இவ்விடத்திலேதான்.

இதனால் கோடெல்லாம் புனிதம் என்று கொள்ளற்க. தச்சன் மரத்தின் கோணலைத் தீர்க்கப் பிடிக்கும் நூலை நன்னூலார் கல்வி நூலுக்கு உவமை ஆக்கினார். ஆனால் ஊருக்கும் சேரிக்கும் இடையே இழுத்ததும் ஒரு நேர்கோடுதான். வங்கிகளின் முகப்பிலும் பெருங்கடைகளின் சுவரிலும் மாட்டப்படும் வட்ட சதுரங்களில் பல, சுவரை நிரப்புவதற்கு அப்பால் ஒன்றும் செய்யவில்லை என்பது நம் கருத்து. விலையைப் பற்றியும் ஒரு சொல். ஜென் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டு, ஆரவாரமின்றி வாழ்ந்து, 2001இல் மறைந்த ஓவியர் வா. சு. கைத்தொண்டேயின் சித்திரம் ஒன்று, 2013இல் இதே மும்பையில் 23 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. அவருடையவை கணிதக் கோடுகள் அல்ல, வண்ணத்தின் வெளிகள். பற்றைத் துறக்கப் பழகியவரின் கைவேலையைச் சுற்றி இத்தனை பற்று மொய்த்ததை என்னென்பது! அது வாங்குவோர் குற்றமேயன்றி வரைந்தவர் குற்றமாகாது.

உருஷிய நாட்டில் 1915இல் மலேவிச் என்பார் ஒரு கருஞ்சதுரத்தை வரைந்து, கண்காட்சி அறையின் மேல்மூலையில் மாட்டினார். அந்நாட்டு இல்லங்களில் திருவுருவப் படம் வைக்கும் இடம் அது. முகம் இருந்த பீடத்தில் சதுரம் ஏறிற்று, மக்கள் சினந்தனர். நம் அம்மையாரின் சினமும் அதுவே. ஆனால் நமது மரபில் இவ்வழக்கு மிகப் பழையது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைக் கண்டவர்கள் அறிவர்: சூழ நின்று கைகூப்புவோரின் முகங்கள் எல்லாம் உண்டு, நடுவே வெற்று ஆசனமும் இரு பாதச் சுவடுகளும் சக்கரமுமே உள்ளன. இதன் பொருள் குறித்து அறிஞர்களிடையே வழக்கு உண்டு. அதே அமராவதியில் புத்தர் உருவம் பொறித்த கற்களும் உண்டு. இரண்டும் ஒரே தூபத்தைச் சேர்ந்தவை என்பதே நமக்கு வேண்டுவது.

காஞ்சியில் தாம் வாழ்ந்ததைத் தம் உரை ஒன்றில் குறித்துள்ள புத்தகோசர், விசுத்திமார்க்கத்தில் கசிணம் செய்யும் முறையைக் கூறுகிறார். வைகறை நிறமுள்ள மண்ணைப் பிசைந்து, ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள வட்டமாகத் தேய்த்து, இரண்டரை முழம் தள்ளி அமர்ந்து, கண்ணை மூடினும் அது தோன்றும்வரை நோக்குக என்கிறார். அப்பெண் தீட்டிய செம்மண் வட்டத்தை அளந்து பார்த்தோம். அளவு பெரிது, நிறம் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. நூலைப் படித்தாயா என்று கேட்டதற்கு, இல்லை, தாராவியில் பாட்டி வீட்டுத் தரை மெழுகிய நிறம் அது என்றாள்.

அம்மையாரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். அவர் முழுதும் இணங்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. முகம் வேண்டும் என்று கேட்க அவருக்கு உள்ள உரிமை, புத்தகம் படித்த நம் உரிமையைவிட மூத்தது. பக்கச் சுவரில் பாபாசாகேப்பின் படமும் பகவன் படமும் மாட்டப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அப்படங்களை நோக்கியே அமர்கிறார். வட்டத்தின் கீழே விளக்கேற்றுவதும் அவர்தான்.

நாம் வட்டத்தின் முன் இரண்டரை முழம் தள்ளி அமர்கிறோம். அதன் வலப்புறம் கீழே, சுவர்ப்பூச்சு சமமில்லாத இடத்தில், நெல்லளவு ஒரு பிசகு உண்டு. வட்டத்தில் உள்ள குறைகள் முதலில் மனத்தில் பதியும் நிமித்தத்திலும் தெரியும் என்றும், அதன் பின் எழும் நிமித்தத்தில் தெரியா என்றும் புத்தகோசர் கூறுகிறார். கண்ணை மூடியதும் நமக்கு முதலில் தோன்றுவது அந்தப் பிசகுதான். ஆலைக் கண் இன்னும் போகவில்லை.