பல்லுள்ள கத்தி

கூனிமேட்டில் இரும்புக்கு ஆயுசு குறைவு. ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், சைக்கிள் செயின், பீரோவின் அடிக்கால் என்று எல்லாவற்றையும் கடல் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். அங்கே பாத்தியிலிருந்து உப்பை வாருவது மரப்பலகையால்தான். நீளக் கம்பின் நுனியில் பலகையைப் பொருத்தி இழுப்பார்கள். இரும்பை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பது உப்போடு பிழைக்கிறவர்களுக்குத் தெரியும். நான் அதை ஒரு ரொட்டிக் கத்தியிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பற்கள் போன பிறகு காலையில் டீயில் தோய்த்த ரொட்டிதான் ஆகாரம். எங்கள் தலைமுறைக்கு ரொட்டி என்றாலே காய்ச்சல் நினைவுதான் வரும். ஆஸ்பத்திரிக் கட்டில், பால், நாலு துண்டு ரொட்டி. அந்தப் பாக்கெட் ரொட்டியை அம்மா தொடமாட்டாள். டீயில் பட்டதும் கரைந்து டம்ளரின் அடியில் கூழாகிவிடுகிறது என்பாள். அவளுக்குப் புதுச்சேரி ரொட்டி வேண்டும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள்; அவர்களுடைய ரொட்டி அங்கேயே தங்கிவிட்டது. மேலே மொறமொறவென்று கெட்டித் தோல், உள்ளே வலைபோல் துளை விட்ட பஞ்சு. மெல்லியதாக அறுத்தால் டீயை உறிஞ்சியும் உருக்குலையாமல் நிற்கும். மெல்லியதாக அறுப்பதில்தான் சிக்கல்.

முதலில் அரிவாள்மனையில் முயன்றேன். அது கத்திரிக்காய்க்கும் மீனுக்கும் ஏற்றது. ரொட்டியின் தோலைக் கடக்க அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தினால் உள்ளிருக்கும் பஞ்சு நசுங்கிப் பிசைந்த மாவாகிவிடுகிறது. திண்ணையிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏண்டி இப்படி அமுக்குற? ரொட்டி அழுவுது பாரு. கதிர் அறுக்குற மாதிரி இழுத்து அறுடி.”

அவள் சொன்னது வெறும் பேச்சல்ல. நெல் அறுக்கும் கருக்கரிவாளுக்கு நுண்ணிய பற்கள் உண்டு. பனைமட்டையின் இரு ஓரத்திலும் இருக்கும் அதே கருக்கு. கையில் அடங்காமல் வழுக்கும் தாளை மழுமழுப்பான வாய் தள்ளிவிடும், பல் பிடித்துக்கொள்ளும். ரொட்டிக் கத்தியின் வேலையும் அதுவே. மொத்தக் கனமும் சில முனைகளில் மட்டும் விழுவதால், அழுத்தாமலே தோல் பிளக்கிறது. முனைகளுக்கு நடுவிலுள்ள வளைவுகள் தோலோடு தேயாமல் கூர் காக்கின்றன. வெள்ளைக்காரன் மேசையிலிருந்து வந்த பொருள் என்று நான் நினைத்திருந்த கத்தியின் சூட்சுமம் எங்கள் வயலிலேயே இருந்தது.

முதலில் வாங்கிய கத்தி பளபளப்பைப் பார்த்து வாங்கியது. எவர்சில்வர்தானே, அதற்கென்ன ஆகப்போகிறது என்று மற்றப் பாத்திரங்களோடு தொட்டியில் ஊறப் போட்டேன். ஈரத்தோடு டிராயரில் தள்ளினேன். இரண்டு மழைக்காலத்துக்குள் பற்களின் அடியில் ஊசி குத்தியதுபோலப் பழுப்புக் குழிகள். ரொட்டியில் இரும்பு வாடை. அதே தொட்டியில் ஊறிய தட்டுக்கும் டம்ளருக்கும் ஒரு கறைகூட இல்லை. எனக்கு அது வெகுநாள் புதிராக இருந்தது.

காரணம் உலோகத்தில் இருக்கிறது. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழலுக்கு உகந்த உலோகத்தைத் தேடும்போது குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை வார்த்தார். காற்றுப் பட்டதும் அந்தக் குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். நல்ல பாத்திரத் தகட்டில் குரோமியம் 18 சதவீதம் அளவுக்கும், கூடவே நிக்கல் 8 சதவீதம் அளவுக்கும் இருக்கும். கத்திக்கு அது போதாது. கூர் நிற்க எஃகு கடினமாக வேண்டும், அதற்குக் கரி கூடுதலாக வேண்டும். அந்தக் கரி குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். பல கத்திகளில் குரோமியமே 13 சதவீதம் அளவில்தான். மெலிந்த அந்தப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு அங்கங்கே துளைக்கிறது. துளைத்த இடத்தில் ஈரம் தங்கினால் குழி ஆழமாகிறது. கூர் வேண்டுமென்று கேட்டு வாங்கும்போதே துருவுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அம்மாவின் அரிவாள்மனை வெறும் இரும்பு. என்னைவிட மூத்தது. இதே காற்றில்தான் இருந்தது. இன்றும் அதன் வாயில் வெளிச்சம் ஓடுகிறது. இரும்பு துருப்பிடிக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் அறுத்த கையோடு கழுவி, துடைத்து, சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி ஆணியில் மாட்டிவிடுவோம். ஒருநாளும் யாரும் அதை ஈரத்தோடு விட்டதில்லை. எவர்சில்வரை விட்டோம். ‘என்றைக்கும்’ என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் பொருளை யார் துடைப்பார்கள்?

அம்மாவையும் அப்படித்தான் வைத்திருந்தோம். அவளுக்கு ஒன்றும் ஆகாது. அப்பாவுக்குச் சர்க்கரை, தம்பிக்கு இளைப்பு, எனக்கு இரண்டு பிரசவம். எல்லாவற்றுக்கும் அவள் ஓடினாள். அவள் சோற்றில் ரசத்தை அதிகம் ஊற்றிக்கொள்ளத் தொடங்கியதை நான் பார்த்தேன், ருசி மாறிவிட்டது என்று நினைத்தேன். முறுக்கை உடைத்துப் பேரனுக்கே கொடுத்தாள். பாசம் என்று நினைத்தேன். பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துகொண்டிருந்தது. வலிக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கடைவாய்ப் பல் வீங்கி முகம் கோணிய அன்றுதான் வாயைத் திறக்கச் சொன்னேன். நோயாளி என்று பெயர் எடுத்தவர்களுக்கு நேரத்துக்கு மாத்திரை கிடைத்தது. நலமாக இருக்கிறாள் என்று பெயர் எடுத்தவளுக்கு அது கிடைக்கவில்லை. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

இரண்டாவது கத்தியை விசாரித்து வாங்கினேன். வாய் ரொட்டியின் அகலத்தைவிட ஒரு கையளவாவது நீளமாக இருக்க வேண்டும். எட்டு அங்குலத்துக்குக் குறைந்தால் ரம்பம்போல் இழுக்க இடமில்லாமல் மறுபடி அழுத்தத்தான் நேரும். பற்கள் பெரிதாகவும் அகலமாகவும் இருப்பது நல்லது. பொடிப் பற்கள் ரொட்டியைத் தூளாக்கும். அலகு பிடிக்குள் கடைசிவரை ஓடியிருக்க வேண்டும், பிடிக்கும் உலோகத்துக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது. எங்கள் ஊரில் துரு அந்த இடுக்கில்தான் குடியேறும். நெகிழிப் பிடி பார்வைக்குச் சுமார்தான், ஆனால் மரம்போல் ஈரத்தில் உப்பாது.

சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் இதைக் கொடுக்க முடியாது. சக்கரத்தில் வைத்தால் பல்லே போய்விடும். இதற்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. மெல்லிய உருட்டு அரத்தால் சரிவுப் பக்கம் மட்டும், ஒவ்வொரு வளைவாக, பொறுமையாகத் தேய்க்க வேண்டும். அறுப்புக்கு முன் கருக்கரிவாளைக் கொல்லரிடம் கொண்டுபோய்க் கருக்கு வெட்டி வருவதுபோலத்தான். ஆனால் இழுத்து அறுக்கும் கைக்கு அந்தத் தேவை வெகு அபூர்வம். கருங்கல் மேடையில் வைத்து அறுக்காமல் மரப்பலகையில் அறுத்தால், ரொட்டியைச் சூட்டோடு வெட்டாமல் ஆறவிட்டால், கூர் பல ஆண்டு தாங்கும்.

அறுத்ததும் கழுவுகிறேன். துடைக்கிறேன். பற்களின் திசையிலேயே, முதுகிலிருந்து வாயை நோக்கித் துணியை இழுக்க வேண்டும், இல்லையென்றால் துணியும் விரலும் கிழியும். பிறகு ஆணியில் மாட்டுகிறேன். அரிவாள்மனைக்குத் தடவும் எண்ணெய்த் துணியையே இதன் மேலும் ஒருமுறை ஓட்டுகிறேன். அரை நிமிஷ வேலை.

இன்று காலை அம்மா கத்தியைக் கேட்டு வாங்கி, கட்டை விரலை மெதுவாகப் பற்களின் மேல் வைத்துப் பார்த்தாள். “இதுக்குப் பல்லெல்லாம் நல்லா கீதுடி” என்றாள். டீ ஆறுவதற்குள் இரண்டு துண்டு அறுத்து வைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி ஈற்றைப் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் சிவந்திருந்தது. அந்தப் பக்கம் வைத்து மெல்லாதே என்றேன். தோலை நான் எடுத்துக்கொண்டு, நடுவை அவளுக்கு நகர்த்தினேன்.