பதக்கமும் நற்பெயரும்

பிறர் பொருளைத் திருடினவன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது. திருடினதைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறான். இது நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிறர் நற்பெயரைக் கெடுத்தவனுக்கும் அதே கடமை உண்டு என்பதைப் பெரியவர்களாகிய நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். "நான் பொய்யா சொன்னேன்? நடந்ததைத்தானே சொன்னேன்!" என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். திருச்சபையின் போதகம் அப்படியல்ல. பொய் சொல்லி ஒருவன் பெயரைக் கெடுப்பது அவதூறு. தகுந்த காரணமின்றி ஒருவனுடைய மறைவான குறையை, அது மெய்யேயானாலும், அறியாதவர்க்கு அறிவிப்பதும் எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவமே.

இக்காரியத்தை ஆராய, நம் நாட்டுப் பெண் ஒருவருடைய வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற் சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய பாட்டனார். 2005-இல் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006 டிசம்பரில் தோஹா நகரத்து ஆசிய விளையாட்டில் அதே தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி வாங்கினார். 800 மீட்டர் பொல்லாத ஓட்டம். மூச்சைப் பிடித்து ஒரே பாய்ச்சலாக முடிக்கவும் முடியாது, நிதானமாக அளந்து ஓடவும் இடமில்லை. இரண்டாம் சுற்றில் கால் கனத்துப் போன பிறகுதான் பந்தயமே தொடங்குகிறது. அதில் ஆசியாவில் இரண்டாவதாக வருவது சூளை வீட்டுப் பெண்ணுக்கு லேசான காரியமா!

பந்தயம் முடிந்தபின், அவர் பெண்தானா என்று வைத்தியச் சோதனை நடத்தினார்கள். தேறவில்லை என்றார்கள், பதக்கம் பறிபோயிற்று. பெற்ற தாய்க்கும் கூசிக் கூசிச் சொல்ல வேண்டிய அந்தரங்கம் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் தேசமெங்கும் பரவிற்று. அப்போது முதலமைச்சராயிருந்த கருணாநிதி அறிவித்த 15 லட்சம் ரூபாய் வெகுமதியை அரசு நிறுத்திவிடாமல் கொடுத்தது. அது நல்ல காரியம் என்று சொல்லத்தான் வேண்டும். ஆயினும் சில வருஷங்கள் கழித்து, 2012-இல், அவர் நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கற் சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வந்தது.

இங்கே நியாயம் எது? ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது சரியாகாது. பெண்களுக்கென்று தனிப் பந்தயம் ஏற்பட்டதே, ஆண்களோடு ஓடினால் அவர்களுக்கு இடமில்லாமற் போகும் என்பதால்தான். தனிப் பந்தயம் என்றால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். சாந்தியோடு ஓடின மற்றப் பெண்களும் ஏழைத் தகப்பன்மார் பெற்ற பிள்ளைகளே. அவர்களுக்கும் நீதி உண்டு. எல்லையை எங்கே போடுவது என்பதில் வைத்தியர்களே இன்னும் ஒருமனப்படவில்லை. ஒடிசாவைச் சேர்ந்த தூத்தி சந்த் 2014-இல் இதே காரணத்தால் நிறுத்தப்பட்டு, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடி, 2015-இல் மீண்டும் ஓடினார். அதற்குப் பின்னும் விதிகள் மாறியிருக்கின்றன. சாந்திக்காக அப்படி வழக்காட அன்றைக்கு யாரும் வரவில்லை.

எல்லை போடுவது ஒன்று. எல்லைக்கு வெளியே நிற்பவரைக் குற்றவாளி என்பது வேறு. கூடாத மருந்தை உட்கொண்டு ஓடினவன் ஒரு செய்கை செய்தான். அதற்குப் புத்தி சம்மதித்தது, மனம் துணிந்தது. சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்றல்லவா படித்திருக்கிறோம்? சாந்தி என்ன செய்தார்? சர்வேசுரன் கொடுத்த சரீரத்தோடு, தாய் வளர்த்தபடி பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடினார். அவ்வளவே. இருந்தும் "ஏமாற்றினாள்" என்ற சொல்லை மருந்து தின்றவனுக்கும் அவருக்கும் ஒன்றுபோல வழங்கினோம்.

அர்ச். அருளப்பர் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம், இவனதா, இவனைப் பெற்றவர்களதா என்று கேட்கிறார்கள். சேசுநாதர் சுவாமி இருவரதும் அல்ல என்கிறார். சீஷர்கள் கொடியவர்கள் அல்ல. வழக்கத்துக்கு மாறான சரீரத்தைக் கண்டால் அதன் பின்னே ஒரு குற்றத்தைத் தேடும் மனித சுபாவமே அவர்களையும் பிடித்தது. நம்மையும் அதுவே பிடித்தது. அந்த வருஷம் மயிலை மாடவீதிக் காப்பிக் கடைகளில் இச்செய்தியைச் சிரிப்பில்லாமல் பேசினவர்கள் எத்தனை பேர்? சோதனை செய்த வைத்தியருக்கு அவர் விதி என்று ஒன்றிருந்தது. சிரித்த நமக்கு எந்த விதி?

வெளிநாட்டிலும் இப்படி நடந்ததுண்டு. 1928-இல் ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். இறுதிப் பந்தயத்தில் ஓடின ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பொய்சாட்சியால் 1960-இல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் வரை, 32 வருஷம், பெண்களுக்கு அப்பந்தயமே இல்லாமற் போயிற்று. அதே ஹாலந்தில் ஃபுக்யே டில்லெமா என்ற ஓட்டக்காரியை, பெண்தானா என்ற சந்தேகத்தின்பேரில், 1950-இல் அவ்வூர்ச் சங்கம் என்றென்றைக்குமாக விலக்கி, 200 மீட்டரில் அவர் செய்த தேசிய சாதனையையும் அழித்தது. 2007-இல் அவர் இறந்தார்.

திருடின பணத்தைக் கவரில் போட்டு, பெயர் சொல்லாமல் சேர்ப்பித்துவிடலாம். கெடுத்த பெயரை அப்படிச் சேர்ப்பிக்க முடியாது. எந்தத் திண்ணையில் சிரித்தோமோ அந்தத் திண்ணைக்கே போய், "அன்று நான் பேசினது தகாது, அந்தப் பெண் ஒரு குற்றமும் செய்யவில்லை" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். கேட்டவர்கள் வேறு பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார்களே என்றால், கூடுமானவரையிலாவது செய்யக் கடன் இருக்கிறது. பங்கின் பிள்ளைகள் நடுவே, குரல் தடித்த பெண்ணையும் மீசை அரும்பாத பையனையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதைக் கேட்டும் கேளாததுபோல் இருக்கும் பெற்றோருக்கும் இக்கடன் உண்டு.

சாந்தி பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழக அரசின் விளையாட்டுத் துறையில் பயிற்சியாளராகி, ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்து வந்தார். பதக்கத்தைத் திருப்பித் தரும்படி பலமுறை கேட்டுப் பார்த்தார். அது கொடுக்கிறவர்கள் கையில் இருக்கிறது. மற்றது நம் கையில் இருக்கிறது.