உரோமமற்ற எலியும் இல்லறத்தார் கடமையும்

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரித் தென்கரையில், வாழைத் தோட்டங்களுக்கு இடையே அமைந்த ஊர் ஜீயபுரம். சென்ற சித்திரையில் அங்குள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கூடத்தில் ஒரு கம்பிக்கூண்டு. அதனுள் இரண்டு எலிகள். உடலில் உரோமம் என்பதே இல்லை. இளஞ்சிவப்புத் தோல் மடிப்பு மடிப்பாய்ச் சுருங்கிக் கிடந்தது. கல்லூரியில் பயிலும் பேரன் நகரத்துக் கடையொன்றில் விலைக்கு வாங்கி வந்தானாம். வீட்டுப் பாட்டியார் நம்மிடம், "இவற்றை வைத்திருப்பது புண்ணியமா, பாவமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

கூண்டைத் திறந்து தோட்டத்தில் விட்டுவிடுங்கள் என்பதே நம் நாவில் முதலில் எழுந்தது. அஹிம்சா அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் முதலாவது பந்தம் அன்றோ? உயிரைக் கட்டிவைத்தலும் அடைத்துவைத்தலும் விரதத்திற்குக் குற்றம் என உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். எனினும் சற்று எண்ணிப் பார்த்தபோது நம் விடையின் பிழை நமக்கே விளங்கிற்று. குளிரையும் வெயிலையும் முள்ளையும் தாங்க அவ்வெலிக்கு மேற்போர்வை இல்லை. வழி தடவி அறிய உதவும் மீசை மயிரும் சுருண்டு குறைந்துள்ளது. பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த இனம் அது. வாழைத் தோட்டத்தில் விட்டால் ஓரிரவில் ஆந்தைக்கோ பாம்பிற்கோ இரையாகும். அதனை விடுதலை என்று பெயரிட்டு நாம் மன நிறைவு கொள்ளலாம். எலிக்கு அது கொலைக்களமே.

இத்தகைய எலிகள் வந்த வழியையும் அறிதல் வேண்டும். மரபணுப் பிறழ்வால் எப்போதோ தோன்றிய குறையை மனிதன் விடாது பெருக்கினான். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ரோவெட் ஆய்வு நிலையத்தில் 1953இல் காணப்பட்ட உரோமமற்ற எலிவகைக்குத் தைமஸ் சுரப்பியும் அமையவில்லை. அதனால் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றியது. அக்குறையே ஆய்வாளர்க்குப் பயனாயிற்று. வீட்டில் வளர்க்கப்படுவன யாவும் அவ்வகையின அல்ல. ஆயினும் விந்தைத் தோற்றத்திற்காகவே குறையுடைய உடலை மீண்டும் மீண்டும் பிறப்பிக்கின்றனர். இங்கிலாந்தில் 1976இல் தோன்றிய எலி வளர்ப்போர் சங்கமே இவ்வகையைத் தன் கண்காட்சிகளில் ஏற்பதில்லை. ஆகவே விலைக்கு வாங்குதல் தவறு என்பதில் நமக்கு ஐயமில்லை. கொடுக்கும் பணம் அடுத்த ஈற்றுக்கு முன்பணம் ஆகிறது. ஆனால் வாங்கியவன் செய்த தவற்றுக்கு வாங்கப்பட்ட உயிர் தண்டனை பெறலாமா?

காத்தல் ஒன்றே எஞ்சிய வழி என்று பாட்டியாரிடம் கூறினோம். உடல்வெப்பம் விரைந்து வெளியேறுவதால் இவற்றிற்கு மற்ற எலிகளைவிட உணவு மிகுதியாக வேண்டும். கம்பு, கேழ்வரகு, வேகவைத்த பயறு, கீரை யாவும் நம் அடுக்களையிலேயே உள்ளன. இரவுணவு நீத்த இல்லத்தில் இரவில் உண்ணும் விருந்தினர்! பொழுது சாயுமுன் உணவை வைத்துவிடுகிறார் பாட்டியார். அவை தம் வேளையில் உண்கின்றன. மரச்சீவல் தோலைக் கீறும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து விரித்தல் நன்று. எலிக்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்க இயலாது. வாலின் வழியாகவே பெரிதும் வெப்பத்தை வெளியேற்றும். எனவே திருச்சிக் கோடையில் கூண்டினுள் ஒரு மண்கலயத்தைக் கவிழ்த்து, நுழைய வழியும் விட வேண்டும். உடல் அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைத்தல் 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

ஆடியில் கடிதம் வந்தது. ஓர் எலியின் மார்பில் கட்டி. பெண் எலிகளுக்கு இது அடிக்கடி நேர்வது. ஊசியிட்டு முடித்துவிடலாம் என்றாராம் கால்நடை மருத்துவர். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், தீரா நோயால் துடித்த கன்றை மருத்துவரைக் கொண்டு ஊசியிட்டு உயிர்நீங்கச் செய்தார் காந்தியடிகள். சமணர் பலர் சினந்து மறுத்தெழுதினர். நாமும் அம்மறுப்பின் பக்கமே நிற்கிறோம். பிற உயிரின் முடிவை வகுக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதும் கருணை அன்று என்ற அவர் வாதத்தை எளிதில் தள்ள முடியவில்லை. வலி குறைக்கும் மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள் என்று எழுதினோம். சிந்தாமணியில் சீவகன் இறக்கும் நாயின் செவியில் பஞ்ச நமஸ்காரம் ஓதியதையும் நினைவூட்டினோம். பாட்டியார் அவ்வாறே ஓதினாராம். எட்டாம் நாள் அது அடங்கியது.

இப்போது மற்றொன்று தனியே உள்ளது. எலி கூடி வாழும் உயிர். தனிமை அதற்குத் துன்பம். துணைக்கு ஒன்று வாங்கினால் மீண்டும் அதே கடை, அதே ஈற்று. வாங்க வேண்டாம் என்றோம். அவ்விடை நமக்கு முழு நிறைவு தரவில்லை. பேரன் மாலைதோறும் அதனைத் தோளில் இருத்திக்கொண்டு பாடம் படிக்கிறான்.