கண்டு விலகிச் சென்றவர்கள்

எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்த மனிதரை மூவர் கண்டனர். குரு கண்டார், லேவியர் கண்டார், சமாரியரும் கண்டார். இந்த உவமையில் சமாரியர் செய்த உதவியையே நாம் பெரிதும் நினைவில் கொள்கிறோம். ஆனால் மூவரையும் முதலில் பிரித்தது அவர்கள் கண்ட விதம்தான். அப்படியானால் காண்பது கண்ணின் செயல் மட்டுமா? அது அறத்தின் செயலும் ஆகுமா?

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் சேசரே சவாத்தினி. அவர் இறையியல் அறிஞர் அல்லர், திரைக்கதை எழுதியவர். 1902-இல் வட இத்தாலியின் லுட்சாரா என்னும் சிற்றூரில் பிறந்து, பார்மாவில் பத்திரிகையாளராகவும், மிலான் நகரப் பதிப்பகங்களில் ஆசிரியராகவும் பணியாற்றிய பின் திரைத்துறைக்கு வந்தார். இயக்குநர் வித்தோரியோ தெ சிக்காவுடன் இணைந்து அவர் உருவாக்கிய 'மிதிவண்டித் திருடர்கள்' (1948), 'மிலானில் அற்புதம்' (1951), 'உம்பர்த்தோ டி' (1952) ஆகியவை உலகத் திரைக்கலையின் போக்கையே மாற்றின. 1989-இல் உரோமையில் காலமானார்.

கதையைப் புனைவதைவிட, தெருவில் செல்லும் ஒரு மனிதனைப் பொறுமையோடு பின்தொடர்வதே திரைப்படத்தின் கடமை என்பது அவர் கொள்கை. 'உம்பர்த்தோ டி' படத்தில் ஒரு வேலைக்காரப் பெண் விடியலில் எழுகிறாள், அடுப்பைப் பற்றவைக்கிறாள், சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீர் ஊற்றி விரட்டுகிறாள், காப்பிக்கொட்டை அரைக்கிறாள். திருமணமாகாமல் கருவுற்றிருக்கும் அவள் கண்களில் நீர் பெருகுகிறது. கதையளவில் அங்கே எதுவும் நிகழவில்லை. ஆயினும் அச்சில நிமிடங்களில், எவரும் பொருட்படுத்தாத ஓர் உயிரின் மாண்பு நமக்குப் புலப்படுகிறது.

இத்தகைய பார்வை பலருக்கு உவப்பாயில்லை. அப்போது இத்தாலிய அரசில் திரைத்துறைப் பொறுப்பை வகித்த ஜூலியோ அந்திரெயோத்தி, நாட்டின் வறுமையை மட்டும் இப்படிக் காட்டுவது தாய்நாட்டுக்குச் செய்யும் தொண்டாகாது என்ற கருத்தில் 1952-இல் 'உம்பர்த்தோ டி' படத்தைக் கண்டித்து எழுதினார். வறியவரின் நிலை அவமானமா, அல்லது அதை எடுத்துரைப்பது அவமானமா? முன்னதைச் சகித்துக்கொண்டு பின்னதைக் கடிந்துகொள்ளும் வழக்கம் இத்தாலிக்கு மட்டும் உரியதன்று.

திருச்சபையினராகிய நம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'மிதிவண்டித் திருடர்கள்' படத்தில் ஒரு காட்சி. பிழைப்புக்கு ஆதாரமான மிதிவண்டியைப் பறிகொடுத்த அந்தோனியோ, திருடனை அறிந்த ஒரு முதியவரைப் பின்தொடர்ந்து ஓர் ஆலயத்துக்குள் நுழைகிறான். அங்கே செல்வர்கள் ஏழைகளுக்குச் சவரம் செய்கின்றனர். வழிபாட்டுக்குப் பின் உணவும் உண்டு. அந்தோனியோவோ பரிதவிக்கிறான். அவனை அமைதி காக்கும்படி அதட்டுகிறார்களே அன்றி, 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழைகளுக்கு உணவளிக்கும் இடத்திலேயே ஓர் ஏழை காணப்படாமல் போகிறான்! 1995-இல் திரைப்பட நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் தொகுத்த 45 சிறந்த படங்களின் பட்டியலில் இப்படமும் இடம்பெற்றது. தன்னைக் குத்திக்காட்டிய கண்ணாடியைத் திருச்சபை உடைக்காமல், பிறருக்கும் பரிந்துரைத்தது நமக்கு ஆறுதல் தருகிறது.

எனினும் ஒரு தடை எழுகிறது. 1953-இல் வெளிவந்த 'நகரத்தில் காதல்' என்னும் தொகுப்புப் படத்தின் ஒரு பகுதியில், வறுமையால் தன் குழந்தையைக் கைவிட்டுப் பின் தேடி வந்த ஓர் இளந்தாயை, அவள் பாத்திரத்திலேயே சவாத்தினி நடிக்கச் செய்தார். புண்பட்ட ஒருத்தியை அப்புண்ணை மீண்டும் திறந்து காட்டச் சொல்வது அன்பா? அவளுக்கே குரல் கொடுக்கும் நேர்மை அதில் இருந்தது என்பர். இருக்கலாம். ஆயினும் பார்ப்பவனின் நன்னோக்கம் மட்டும் பார்வையைத் தூய்மையாக்கிவிடாது. பிறர் துயரைக் கண்டு கண்ணீர் வடித்து, அக்கண்ணீரிலேயே மனநிறைவு அடைந்து வீடு திரும்புவோரும் உண்டு. அவர்களும் ஒருவகையில் விலகிச் சென்றவர்களே.

இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் உவமையிலேயே உள்ளது. சமாரியர் கண்டார், அதனால் அவருக்குச் செலவு நேர்ந்தது. எண்ணெயும் திராட்சை மதுவும் போயின; பயணம் தடைப்பட்டது; இரு தெனாரியம் கைமாறியது. மேலும், திரும்பி வருவதாகவும் வாக்களித்தார். காண்பவனிடமிருந்து எதையும் கேட்காத பார்வை வெறும் வேடிக்கையே. காணப்பட்டவருக்குத் தன்னைக் கடன்பட்டவனாக்கும் பார்வையே அறமாகும்.

சவாத்தினி நம்மை வழிப்போக்கன் நிற்கும் இடம் வரை அழைத்துச் சென்று, கிடப்பவரைக் காட்டுகிறார். ஒரு திரைக்கதையால் இயன்றது அவ்வளவே. கழுதையிலிருந்து இறங்கவேண்டியவர் நாம்.