மலை தெரிகிறது... மனிதர் தெரிகிறாரா?

பழநிக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, சத்திரப்பட்டி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகரும். மலைக்கோயில் கண்ணில் பட்டதும், 'அரோகரா!' என்று வண்டிக்குள் ஒரு குரல் எழும். அதன் பிறகு நம் கண்கள் வேறு எதையும் பார்ப்பதில்லை. அப்படி நாம் பார்க்காமலே கடந்துபோகும் ஊர்களில் ஒன்று, ஆயக்குடி.

பழநிக்குச் சில கிலோமீட்டர் முன்னால், மலையடிவாரத்தில் இருக்கும் பேரூர் இது. ஒரு காலத்தில் பாளையமாக இருந்து, பிறகு ஜமீனாகவும் விளங்கிய ஊர். இன்றைக்குச் சுற்று வட்டாரத்தில் கேட்டால், 'கொய்யாப்பழமா? ஆயக்குடிக்குப் போங்க!' என்பார்கள். சாலையோரத்தில் கூடை கூடையாகக் கொய்யாவைக் குவித்து வைத்து, பெண்கள் உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருக்கலாம்.

அங்கே எனக்கு நேர்ந்த ஒரு சின்ன அனுபவம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒருமுறை குடும்பத்தோடு பழநிக்குப் போனபோது, ஆயக்குடியில் வண்டியை நிறுத்தினோம். வயதான ஓர் அம்மா கொய்யாவைக் கூறு கட்டி வைத்திருந்தார். "கூறு முப்பது ரூபா தாயி" என்றார். நான் இருபதுக்குக் கேட்டேன். அவர் தயங்கினார். நான் இரண்டடி நகர்ந்து, போய்விடுவது போல் பாவனை செய்தேன். "சரி, எடுத்துக்க" என்று கொடுத்துவிட்டார்.

வண்டியில் ஏறியதும் என் மாமியார் கேட்டார்: "அந்தம்மாவுக்கு எந்த ஊராம்? சொந்தத் தோட்டத்துப் பழமா, வாங்கி விக்கிறாளா?"

"அதெல்லாம் நமக்கு எதுக்கு அத்தை? நடை சாத்துறதுக்குள்ள போகணும்" என்றேன்.

மலையேறினோம். ராஜ அலங்காரத்தில் முருகன். கண்குளிரத் தரிசனம். உண்டியலில் ஐந்நூறு ரூபாயைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, சட்டென்று அந்த அம்மாவின் தயங்கிய முகம் மனதில் வந்து நின்றது. மேலே ஐந்நூறு ரூபாயை யோசிக்காமல் கொடுத்த அதே கைதான், கீழே பத்து ரூபாய்க்குப் பிடிவாதம் பிடித்தது!

திரும்பும்போது இருட்டிவிட்டது. அந்த இடத்தில் அவர் இல்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. தெய்வத்தைப் பார்க்கப் போகிறவர்கள், அந்தத் தெய்வம் குடியிருக்கும் ஊரையும், வழியில் உள்ள மனிதர்களையும் பார்க்கக் கடமைப்பட்டவர்களா? அல்லது, தரிசனம் கிடைத்துவிட்டால் யாத்திரை முடிந்ததா?

வந்த இடத்தில் என்ன கேட்டார்கள்?

இதற்குப் பதிலை வேறெங்கும் தேட வேண்டாம். அதே பழநி மலைப் பகுதியிலேயே இருக்கிறது!

சங்க காலத்தில் இந்த மலைநாட்டை ஆண்டவன், வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் ஒன்று குளிரால் நடுங்குகிறது என்று எண்ணி, தன் போர்வையை அதற்குப் போர்த்தியவன். இந்தக் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால், இதன் மறுபாதியை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மயிலுக்கு இரங்கிய அந்த மன்னன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணை நாடியிருந்தான். (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல, இவள் வேறு.) அவள் தனிமையில் அழுதுகொண்டிருந்தாள். புறநானூற்றில் அடுத்தடுத்து வரும் ஐந்து பாடல்கள் இதைப் பற்றியவை. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள்.

அந்தப் புலவர்கள் யார்? இந்த மலைநாட்டுக்குப் பயணிகளாக வந்தவர்கள். பாடினால் பொன் கிடைக்கும், பொருள் கிடைக்கும் என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஆனால், வந்த இடத்தில் ஒரு பெண் அழுவதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்த பிறகு, தங்களுக்கென்று கேட்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

'நாங்கள் பசித்து வரவில்லை. சுற்றத்தைக் காப்பாற்றும் சுமையோடும் வரவில்லை. இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்த்து வை. நாங்கள் கேட்கும் பரிசு அதுதான்' என்ற கருத்தில் பாடுகிறார் பரணர். 'உன் அணிகலன்களும் செல்வமும் எங்களுக்கு வேண்டாம். அவள் மீண்டும் கூந்தலில் பூச்சூட வேண்டும், அதற்குத் தேரைப் பூட்டு' என்கிறார் அரிசில் கிழார்.

எத்தனை பெரிய மனம்! தங்களுக்கு உறவும் இல்லை, அவளால் ஆதாயமும் இல்லை. வழியில் கண்ட ஒரு கண்ணீருக்காக, கைக்கு வரவிருந்த பரிசையே வேண்டாம் என்றார்கள். பேகன் தேரைப் பூட்டினானா? அந்தப் பாடல்கள் சொல்லவில்லை. ஆனால், கேட்க வேண்டியதை அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

நமக்குள்ளும் ஒரு பேகன்

இந்தக் கதையில் நாம் யார் என்று யோசித்துப் பார்த்தேன். புலவர்கள் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில், பல நேரங்களில் நாம் பேகனாகத்தான் இருக்கிறோம்!

பேகன் கல் நெஞ்சன் இல்லை. அவனிடம் இரக்கம் இருந்தது. அது மயில் வரைக்கும் போனது. வீடு வரைக்கும் வரவில்லை. கண்ணுக்கு அழகானதற்கும், ஊர் மெச்சுவதற்கும் மனம் சுலபமாக இளகிவிடும். தினமும் நமக்கு உதவுகிறவர்களிடமும், நம்மை நம்பி இருப்பவர்களிடமும் அதே மனம் கணக்குப் பார்க்கும். உண்டியலில் ஐந்நூறு ரூபாய் போட்ட எனக்கு, கூறுக்குப் பத்து ரூபாய் பெரிதாகத் தெரிந்ததே... அது இந்தக் கணக்குதான்.

'அப்படியானால், உண்டியலில் போடக் கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகப் போடுங்கள். காணிக்கை தவறே இல்லை. மேலே கொடுத்துவிட்டதாலேயே, கீழே நம் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு.

இன்னொரு கேள்வியும் நியாயமானதே. 'வருஷத்துக்கு ஒருமுறைதான் கிளம்பவே முடிகிறது. பிள்ளைகளின் பரீட்சை, அவரின் லீவு, வீட்டில் பெரியவர்கள்... இதில் வழியில் நின்று ஊர்க்கதை பேச நேரம் ஏது?'

உண்மைதான். 1966-ல் மின் இழுவை ரயிலும், 2004-ல் ரோப் காரும் வந்தன. 693 படிகளில் ஏற முடியாதவர்களுக்கு இவை பெரும் வரப்பிரசாதம். வேகம் பாவம் அல்ல. ஆனால், நின்று விசாரிக்க ஒரு நிமிடம் போதும். என் மாமியார் கேட்ட கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது!

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் கால் வீங்கி உட்கார்ந்தாலும், 'என்ன சாமி, முடியலையா?' என்று ஒருவர் நின்று கேட்கிறார். தண்ணீர் கொடுக்கிறார், தைலம் தேய்க்கிறார். அவர் போக வேண்டிய தூரமும் அதேதான். ஆனாலும் நிற்கிறார்.

ஆயக்குடிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பல ஊர்களில் இருந்து அங்கே வந்து, மரத்தடி வகுப்பில் கட்டணம் இல்லாமல் படித்துப் போகிறார்கள். வழிப்போக்கராக வருகிறவரையும் தம் வீட்டுப் பிள்ளையாக நினைக்கும் மனசு, நாம் நிற்காமல் கடந்துபோகும் அந்த ஊரில் இருக்கிறது!

ஆற்றுப்படை என்றால்...

முருகனைப் பாடிய நக்கீரர், தம் நூலுக்குத் திருமுருகாற்றுப்படை என்று பெயர் வைத்தார். பழநி மலையடிவாரத்தில் உள்ள திருஆவினன்குடி அதில் மூன்றாவதாக வருகிறது. ஆற்றுப்படை என்றால், அருளோ பொருளோ பெற்ற ஒருவர், அதைத் தேடும் இன்னொருவருக்கு வழி காட்டுவது. அதாவது, முருகனிடம் போகும் வழியே சக மனிதரிடம் பேசுவதில்தான் தொடங்குகிறது. வழியில் இருப்பவரைப் பார்க்காமல் போகிறவருக்கு யார் வழி சொல்ல முடியும்?

எனவே, என் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். ஆம், நாம் கடமைப்பட்டவர்கள். பெரிய தானம் எதுவும் தேவையில்லை. பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், உழைப்புக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த முறை பழநிக்குப் போகும்போது, ஆயக்குடியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஒரு கூறு கொய்யா வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். 'நல்லா இருக்கீங்களாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊர் திரும்பியதும், மலையேற முடியாமல் வீட்டில் காத்திருக்கும் பெரியவர்களின் கையில் பஞ்சாமிர்தத்தைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வழியில் பார்த்ததை எல்லாம் சொல்லுங்கள்.

நானும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நிற்கிறேன். அந்த அம்மாவை இன்னும் பார்க்க முடியவில்லை. அவர் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்டுவிட்டுத்தான் மலையைப் பார்க்கிறேன்.